ஆள்வாரி அட்டவணை

கோயம்புத்தூரில் நாங்கள் குடியிருக்கும் தெருவில், ரிட்டையர் ஆன ஒருவருக்குப் பென்ஷன் அதிகமாக வந்துவிட்டால் அக்கம்பக்கத்தார் ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு பார்க்கப் போவார்கள். அவர் உடம்புக்கு ஒன்றும் இருக்காது. காலை நடை முடித்துவிட்டு வேர்க்க விறுவிறுக்க வந்து உட்கார்ந்திருப்பார். ஆனாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "தைரியமா இருங்க" என்று சொல்லிவிட்டு வருவார்கள். பென்ஷன் குறைவாக வந்தவர் பாடு வேறு. "அடேயப்பா, தொண்ணூறத் தாண்டுவீங்களாட்ட இருக்குதுங்களே" என்று கேலி பேசுவார்கள். இந்தக் காசை வைத்துக்கொண்டு தொண்ணூறு வரைக்கும் எப்படி ஓட்டுவது என்று அவர் முழிப்பார்.

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் எங்கள் ஆபீஸ். தென்மண்டலத் தொழிலாளர் ஓய்வூதிய நிதியம். அங்கே நான் ஆக்சுவரி. யாருக்கு எத்தனை வருடம் பென்ஷன் கொடுக்க வேண்டிவரும் என்று முன்கூட்டியே கணக்குப் போடும் உத்தியோகம். "அதாவது யார் எப்ப சாவாங்கன்னு பாக்கறதா?" என்று கல்யாண வீடுகளில் கேட்பார்கள். பந்தியில் என் பக்கத்து இலை எப்போதும் காலியாகத்தான் இருக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அப்படி இல்லை. அன்றைக்கு இருந்தது பழைய இறப்பு விகித அட்டவணை. ஒரு பக்கம் வயது, இன்னொரு பக்கம் அந்த வயதில் ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் போவார்கள் என்ற எண். எத்தனை பேர் என்று தெரியும், யார் என்று தெரியாது. அந்தத் தெரியாமை எங்கள் தொழிலின் மரியாதை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் ஒரே பானையில் போட்டு வைப்பார்கள். சீக்கிரம் போகிறவரின் பங்கில் நீண்ட நாள் இருப்பவர் சாப்பிடுவார். அதில் யாருக்கும் வருத்தம் இல்லை, ஏனென்றால் யார் எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாது.

பிறகு ஆள்வாரி அட்டவணை வந்தது. ரத்தம், தூக்கம், நடை, மூச்சு எல்லாவற்றையும் மணிக்கட்டில் ஒரு பட்டை ஒரு வருடம் அளந்துகொண்டே இருக்கும். அதிலிருந்து ஆளுக்கொரு எண் வரும், எந்த வயதில் போவார் என்று. வயதுக்கு ஒரு வரி என்பது போய், மனிதருக்கு ஒரு வரி. அந்த எண்ணை நேராகப் பென்ஷன் கணக்கில் போட்டுவிடுவோம். குறைந்த காலம் இருப்பவருக்கு மாதாமாதம் அதிகம், நீண்ட காலம் இருப்பவருக்குக் குறைவு. நியாயம்தானே என்றார்கள். சம்பந்தப்பட்டவருக்கு அந்த எண்ணைச் சொல்லக்கூடாது, பெயர் தெரிந்த ஒருவரின் எண்ணை நாங்களும் பார்க்கக்கூடாது, மீறினால் ஜெயில் என்று சட்டமும் போட்டார்கள். சட்டம் போட்டுவிட்டால் மனிதன் பார்க்க மாட்டான் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆபீசில் அந்த அட்டவணைக்கு நாங்கள் வைத்த பெயர் பாடை ஷீட்.

பாடை ஷீட்டை முதன்முதலில் கட்டியவர் என் கணவர் சுதன். முழுப்பெயர் ஹரிஹரசுதன். கட்டி முடித்த கையோடு வேலையை விட்டுவிட்டு, ஒரு கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கப் போய்விட்டார். கேட்டதற்கு, "சலிச்சுப்போச்சு காரு" என்றார். என் பெயர் காருண்யா. அவர் மட்டும் காரு என்பார்.

அது நடந்து ஆறு வருடம் ஆகிறது. அதே ஆறு வருடமாகத்தான் குழந்தை வேண்டாம் என்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். கல்யாணமான புதிதில் மூன்று பெற்றுக்கொள்ள வேண்டும் என்று என்னிடம் பேரம் பேசியவர் அவர். நான்தான் ஒன்று போதும் என்பேன். திடீரென்று ஒருநாள் அந்தப் பேச்சே நின்றது. கேட்டால் சிரிப்பார், தலையைத் தடவுவார், காபி போட்டுக் கொடுப்பார். எனக்கு முப்பத்தெட்டு முடிந்துவிட்டது. இந்த வருடத்தைத் தாண்டினால் கஷ்டம் என்று டாக்டர் பளிச்சென்று சொல்லிவிட்டார். எனக்கு ஒரு குழந்தை வேண்டும். வெட்கமில்லாமல் கேட்டும் பார்த்தேன், சண்டை போட்டும் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை.

போன சனிக்கிழமை ஆபீசில் பழைய கோப்புகளைப் புதிய அமைப்புக்கு மாற்றும் வேலை. கண்காணிப்பு அதிகாரி ஷாஹிதா மேடம் என்னைக் கூப்பிட்டு, "உன்ர வீட்டுக்காரர் கட்டுனதைத் திறந்து பாத்து, உள்ள குப்பை ஒண்ணும் இல்லைன்னு எழுதிக் குடுத்துரு கண்ணு. அப்பறம் அழிச்சுரலாம்" என்றார். ஷாஹிதா மேடத்துக்கு ரிட்டையர் ஆக நான்கு மாதம்தான் இருந்தது. தனக்கு எவ்வளவு பென்ஷன் வரும் என்று நினைக்கும்போதே தூக்கம் போய்விடுகிறது என்பார்.

திறந்தேன். சுதனின் ஷீட் எப்போதும் சுத்தமாக இருக்கும். அதில் ஒளித்துவைத்த பக்கம் ஒன்று இருந்தது. எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. புதிய ஷீட் கட்டினால் முதல் வரியில் நம்முடைய ஊழியர் எண்ணையே போட்டு, கணக்கு ஓடுகிறதா என்று பார்ப்போம். பிறந்த தேதி, சேர்ந்த தேதி எல்லாம் நமக்கு மனப்பாடம், தப்பு வந்தால் உடனே தெரியும். பார்த்து முடித்ததும் அழித்துவிட வேண்டும். சுதன் அதை அழிக்காமல் மறைத்து வைத்திருந்தார். சிரித்துக்கொண்டேதான் அந்தப் பக்கத்தை விரித்தேன்.

முதல் வரியில் இருந்தது என் ஊழியர் எண். என் பிறந்த தேதி. கடைசிக் கட்டத்தில், ஆயுள் என்ற தலைப்புக்குக் கீழே, நாற்பத்தேழு.

தண்ணீர் குடிக்கப் போய் டம்ளரைக் கீழே போட்டேன். ஒன்பது வருடம் என்பது முதலில் உறைத்தது. சாகப்போகிறேன் என்ற பயத்தை அந்த ஒரு நிமிடம்தான் பட்டேன். அதற்குள் இன்னொன்று உறைத்துவிட்டது. இந்த மனிதருக்கு ஆறு வருடமாக இது தெரியும்.

வீட்டுக்குப் போனபோது சுதன் பால்கனியில் கொடியிலிருந்து துணி எடுத்து மடித்துக்கொண்டிருந்தார். என் சுடிதாரைத்தான் மடித்துக்கொண்டிருந்தார்.

"ஷீட்டைப் பாத்துட்டேன்" என்றேன்.

"எந்த ஷீட்?"

"நீங்க ஒளிச்சு வெச்ச ஷீட்."

கையிலிருந்த துணியை அப்படியே நாற்காலியில் வைத்தார். வேறு கேள்வி கேட்கவில்லை. ஏதாவது கேட்டிருந்தால், தெரியாது என்று பொய்யாவது சொல்லியிருந்தால், எனக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும்.

"எதுக்கு என் நம்பர்?"

"டெஸ்ட் பண்ணோணுமில்ல. நம்மளுதைத்தானே போடுவோம். போடலாம்னுதான் உக்காந்தேன். கை வரலை காரு. பயமா இருந்துச்சு. அதை விட்டா எனக்கு மனப்பாடமாத் தெரிஞ்ச நம்பர் உன்னோடது ஒண்ணுதான்."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் அவரை ஒருமையில் கூப்பிட்டதில்லை. கோபத்திலும் 'ங்க' ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். அன்றைக்கு அது கழன்றுபோயிற்று.

"உனக்குப் பயமா இருந்துச்சுன்னு என்னைத் தூக்கிப் போட்டியா?"

"ஃபார்முலா ஓடுதான்னு பாக்கத்தான் போட்டேன். நம்பரைப் பாக்கக்கூடாதுன்னு கண்ணை மூடிக்கக்கூட நெனச்சேன். சாமி சத்தியமா."

"ஆனா பாத்தே."

"பாத்துட்டேன்."

பிறகு நான் பேசியதெல்லாம் வரிசையாக நினைவில் இல்லை. அவர் என்னோடு சண்டையே போடுவதில்லை என்று அக்காவிடம் பெருமையடித்ததைச் சொன்னேன். நான் கேட்டேன் என்று ஒரே வாரத்தில் லடாக் கூட்டிப் போனார். என் சமையல் உப்புக் கரித்தாலும் முகம் சுளிக்காமல் சாப்பிடுவார். எனக்குத் தலைவலி என்றால் லீவு போட்டுவிடுவார். உலகத்தில் எனக்கு மட்டும் இப்படி ஒருவர் கிடைத்தார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் என்னோடு வாழவில்லை, என்னை வழியனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

"எல்லாம் நடிப்பா?"

"நடிப்புன்னு சொல்லாதே. பிரியமாத்தானே செஞ்சேன்."

"சாகப்போறவளுக்குச் செய்யறதுக்குப் பேரு பிரியம் இல்லடா. அதை ஆஸ்பத்திரியில நர்ஸ் செய்வாங்க, சம்பளத்துக்கு." "குழந்தை வேண்டாம்னது இதுக்கோசரம்தானா?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் தாயில்லாம வளந்தவன் காரு. பள்ளிக்கூடத்துல மத்த பசங்களுக்கு டிபன் பாக்ஸ் வரும். எனக்கு அப்பா பன்னு வாங்கித் தருவாரு. தெரிஞ்சே இன்னொண்ணை அப்படிக் கொண்டுவரோணுமா?"

"அதை முடிவு பண்ண நீ யாரு? என் ஆயுசை எனக்குத் தெரியாம எடுத்து வெச்சுக்கிட்டு, அதுல என்ன பண்ணோணும்னு நீயே முடிவும் பண்ணிருக்கே. என்கிட்டச் சொல்லியிருந்தா நான் பெத்திருப்பேன். பதினஞ்சு வருஷம் கூட இருந்தாப் போதும்னு பெத்திருப்பேன். ஆறு வருஷத்துக்கு முன்னாடியே பெத்திருந்தா அது இந்நேரம் ஸ்கூலுக்குப் போயிருக்கும்!"

அவர் அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை. ஒரு பையில் துணியைத் திணித்துக்கொண்டு போத்தனூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். அக்காவிடம் சண்டை என்று மட்டும் சொன்னேன். அவள் நம்பவில்லை. "சுதன் மாப்பிள்ளையாவது, சண்டை போடறதாவது" என்றாள்.

திங்கட்கிழமை ஆபீசுக்கு முடிவோடுதான் போனேன். புகார் கொடுப்பது. என் கணவர் சட்டத்தை மீறி என் எண்ணைப் பார்த்தார் என்று எழுதிக்கொடுப்பது. அவருடைய வேலை போகும், ஜெயில்கூட வரலாம். வரட்டும் என்று தோன்றியது. ஷாஹிதா மேடத்தின் அறைக்குள் போய், "மேடம், ஒரு புகார் குடுக்கோணும். அந்தப் பழைய ஷீட்டுல ஒருத்தர் பேரு தெரிஞ்ச ஆளோட நம்பரைப் பாத்திருக்காங்க" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்து, யார் என்று கேட்காமல் விட்டார். "சரி. ஆனா புகார்னு வந்தா மொதல்ல கேக்கறது என்ன தெரியுமில்ல? காட்டுன நம்பர் சரியான நம்பர்தானான்னு கேப்பாங்க. தப்பான நம்பரைப் பாத்திருந்தா வேற செக்‌ஷன். தேடற ஃபார்முலாவைத் திறந்து பாத்துட்டு வா. கடைசி இடம் காலியா இருக்குதான்னு பாரு."

"கடைசி இடமா?"

"அட, உனக்கா சொல்லித் தரோணும்? பழைய டேபிள்ல நாற்பத்தாறரை வயசுன்னு வரி கிடையாது. அதனால 'அதே நம்பர்தான் வேணும்'னு எழுதற கடைசி இடத்தைக் காலியா விட்டுருவோம், அதுவா மேல இருக்கற நாற்பத்தாறுக்குப் போயிக்கும். ஆளுக்கொரு வரின்னு வந்தப்பறமும் நம்ம ஆளுக பழக்க தோசத்துல காலியாவே விட்டுட்டாங்க. வயசுல அரை கொறஞ்சா ஒண்ணுமில்ல. ஆளுல ஒண்ணு மேல போனா அது வேற ஒருத்தரு கண்ணு. இந்த மாசத்துல மட்டும் மூணு ஷீட்டுல புடிச்சேன்."

என் மேஜைக்கு வந்து அந்தக் கட்டத்தைத் தட்டினேன். கடைசி இடம் காலியாகத்தான் இருந்தது.

அதனால் மட்டும் ஒன்றும் ஆகிவிடாது. என் எண் அட்டவணையில் இருந்தால் சரியாகவே எடுத்திருக்கும். அட்டவணைக்குப் போனேன். அது முழு அட்டவணை இல்லை, சோதனைக்காக ஒரு ஊழியர் விட்டு ஒரு ஊழியராக எடுத்த பாதி அட்டவணை. என் எண் அதில் இல்லை. அதற்கு முந்தைய எண் இருந்தது. அதற்கு நேரே நாற்பத்தேழு.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். நான் இல்லை, அது நான் இல்லை என்று உள்ளே ஏதோ குதித்தது. அதை மறைப்பதற்கில்லை. அந்த முந்தைய எண் யாருடையது என்பது நினைவுக்கு வர இரண்டு மூச்சு பிடித்தது. வேலைக்குச் சேர்ந்த அன்று சான்றிதழ் சரிபார்க்கும் வரிசையில் எனக்கு முன்னால் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். கையெழுத்துப் போட என்னிடம் பேனா வாங்கி, போட்டுவிட்டு, அதைத் தன் பையில் செருகிக்கொண்டு போனார். அந்தப் பேனாவைத் திருப்பிக் கேட்கப் போய்த்தான் எங்களுக்குப் பழக்கமே ஆயிற்று.

சுதனுக்கு இப்போது நாற்பத்தொன்று.

எப்படி இதைக் கவனிக்காமல் விட்டார் என்று முதலில் கோபம்தான் வந்தது. இதே தவறை மாணவர்களின் கணக்கில் கண்டால் சிவப்பு மையில் வட்டம் போடுகிற மனிதர். ஆனால் பயந்துபோனவன் கணக்கைச் சரிபார்க்க மாட்டான். எண்ணைப் பார்த்ததும் பக்கத்தை மூடி ஒளித்துவிட்டு, வேலையையும் விட்டுவிட்டு ஓடியிருக்கிறார். தன் எண்ணைப் பார்க்கத் துணிவில்லாமல் என்னை முன்னால் தள்ளினார். தள்ளியும் பார்த்தது தன்னுடையதைத்தான். அதைச் சுமந்துகொண்டு ஆறு வருடம் எனக்குக் காபி போட்டுக் கொடுத்திருக்கிறார்.

தப்பாக இருக்கக்கூடாதா என்று மேஜையில் தலையை வைத்துக்கொண்டு யோசித்தேன். போன வருடம்தான் ஐந்தாண்டு ஆய்வு முடிந்து, ஆள்வாரி அட்டவணை ஒன்றிரண்டு வருடத்துக்கு மேல் பிசகுவதில்லை என்று அறிக்கை வந்திருந்தது. அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்ட மூன்று பேரில் நான் ஒருத்தி.

பக்கத்தை அழித்தேன். ஷாஹிதா மேடத்திடம் போய், "நான்தான் தப்பாப் பாத்துட்டேங்க மேடம். வெறும் டெஸ்ட் வரி. எடுத்துட்டேன்" என்றேன். அவர், "எழுதிக் குடுத்துட்டுப் போ" என்றார். குப்பை ஒன்றும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

உக்கடம் வழியாக வீட்டுக்குப் போகும்போது ஒன்றை மட்டும் உறுதியாக வைத்துக்கொண்டேன். சொல்லிவிட வேண்டும். அவர் எனக்குச் செய்ததை நான் அவருக்குச் செய்யக்கூடாது. ஒருவனுடைய ஆயுளை அவனுக்குத் தெரியாமல் இன்னொருவர் மடியில் கட்டிக்கொண்டு திரிவது எவ்வளவு பெரிய துரோகம் என்பதை நேற்று முன்தினம்தான் நான் கத்திக் கத்திச் சொல்லியிருந்தேன். குழந்தை கிடையாது என்பதும் எனக்குப் புரிந்துதான் இருந்தது. இதைச் சொன்ன பிறகு அந்த மனிதர் எந்த ஜென்மத்திலும் அதற்குச் சம்மதிக்க மாட்டார். பரவாயில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சுதன் கதவைத் திறந்தார். இரண்டு நாள் தாடி. நான் செருப்பைக் கழற்றுவதற்குள்ளாகவே பேச ஆரம்பித்துவிட்டார், விட்டால் தைரியம் போய்விடும் என்பதைப் போல.

"காரு, நான் யோசிச்சுட்டேன். நீ சொன்னதுதான் சரி. அதை முடிவு பண்ண நான் யாரு? பெத்துக்கலாம்."

"இருங்க. நான் ஒண்ணு சொல்லோணும்."

"மொதல்ல நான் சொல்லீறேன். நீ பயப்படாதே. உனக்கு ஒண்ணுன்னாக்கூட நான் இருக்கேன்ல? எங்கப்பா ஒத்தையா நின்னு என்னைய வளத்தலையா? நான் வளத்துருவேன். சோறாக்கிப் பழகிட்டேன், தலை பின்றது மட்டும் தெரியாது, அதைக் கத்துக்கறேன். டிபன் பாக்ஸ் நான் கட்டிக் குடுப்பேன். பள்ளிக்கூடம், காலேஜ், கல்யாணம் வரைக்கும் நான் பாத்துக்கறேன். நீ எப்படி இருந்தேன்னு அதுக்குத் தெனமும் சொல்லுவேன். உன்னை மறக்க விடமாட்டேன் சாமி."

அவர் முகத்தில் ஆறு வருடமாக நான் பார்க்காத ஒன்று இருந்தது. கல்யாணமான புதிதில் மூன்று வேண்டும் என்று பேரம் பேசிய முகம். என் மூளை கேட்காமலே கணக்குப் போட்டது, தொழில் அப்படி. அடுத்த வருடம் பிறந்தால், அவருடைய நாற்பத்தேழில் அதற்கு ஐந்து வயது நடக்கும். அப்பா முகம் நினைவிருக்குமா இருக்காதா என்கிற வயது.

வாயைத் திறந்தேன்.

"என்ன சொல்ல வந்தே?" என்றார்.

"நாளைக்கே டாக்டரைப் பாத்துரலாங்க."

"நாளைக்கேவா? இந்த செமஸ்டர் முடியட்டும், அடுத்த மாசம்..."

"இல்லைங்க. நாளைக்கே போகோணும். நமக்கு நாள் இல்லை."

அவருக்கு அது புரிந்தது. அவருக்குத் தெரிந்த விதத்தில் புரிந்தது. உதடு கோணி, முகம் உடைந்து, என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். என் தோள் நனைந்தது. "உனக்குப் போயி இப்படியா சாமி, உனக்குப் போயி இப்படியா" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு எனக்காக அழுதார்.

முதுகைத் தடவிக்கொடுத்தேன். அழட்டும் என்று விட்டுவிட்டேன்.